யாரு உன்ன என்னா சொன்னாங்க?: மன அழுத்தப் பட்டியலும் பட்டியல் சாதியும்

1994. முதுகலை முதலாமாண்டு. ஆதிதிராவிடர் நல விடுதியில் எட்டுப் பேருக்கான அறையில் பதினாறு பேர் படுத்துக்கிடந்த காலம். உளவியல் துறையில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஓர் அக்கா ஒருநாள் சாயங்காலம் கேள்வித்தாள் கட்டோடு விடுதிக்கு வந்தார். "உங்களுக்கெல்லாம் எவ்வளவு ஸ்ட்ரெஸ் இருக்குன்னு பாக்கப் போறேன். பேர் எழுத வேணாம். உண்மையா டிக் பண்ணுங்க, போதும்" என்றார். ஆங்கிலத்தில் 43 வரிகள். கடந்த ஓராண்டில் உனக்கு நடந்தவை எவையெவை என்று கேட்டது தாள். கணவனோ மனைவியோ இறந்திருந்தால் 100 புள்ளி. மணவிலக்கு 73. சிறைவாசம் 63. கிறிஸ்துமசுக்குக்கூட 12 புள்ளி இருந்தது.

நான் நாலு வரிகளில் டிக் போட்டேன். படிப்பு தொடங்கியது 26, குடியிருப்பு மாறியது 20, தூக்கப் பழக்கம் மாறியது 16, சாப்பாட்டுப் பழக்கம் மாறியது 15. கூட்டினால் 77. நூற்றைம்பதுக்குக் கீழே என்றால் கவலைப்பட ஒன்றுமில்லையாம். "நீ நல்லாத்தாம்மா இருக்கே" என்று அக்கா சிரித்தார்.

அதே வாரத்தில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அலுவலக உதவியாளர் ஒரு தாளோடு உள்ளே வந்தார். ஆசிரியர் வாங்கிப் பார்த்துவிட்டு, "எஸ்.சி. எல்லாம் எந்திரிங்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு" என்றார். நாற்பது பேரில் ஏழு பேர் எழுந்தோம். அதுவரை என் நோட்டை வாங்கிப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த பக்கத்துத் தோழி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, வெறுப்பும் இல்லை. 'ஓ, நீயா' என்பது மட்டும்தான் இருந்தது. மறுநாளிலிருந்து அவள் நோட்டு வாங்கவில்லை. அடுத்த வாரம் கருத்தரங்கில் பேச வேண்டிய முறை எனக்கு. எழுதி வைத்திருந்ததை வாசிக்கக்கூட வாய் வரவில்லை.

தாளில் இதற்கு வரி இல்லை.

லீவுக்கு ஊருக்குப் போனேன். களை வெட்டிவிட்டு வந்த அம்மா என் முகத்தைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைக்காமலே கேட்டாள்: "என்னாடி மூஞ்சி இப்பிடிக் கெடக்குது? யாரு உன்ன என்னா சொன்னாங்க?"

கைநாட்டு வைக்கிற என் அம்மாவின் கேள்விக்கும் அந்த 43 வரித் தாளுக்கும் உள்ள தூரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்தத் தாள் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு மருத்துவர்கள் 1967இல் வெளியிட்ட அளவுகோல் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் உருவானது. 394 பேரிடம், திருமணத்தை ஓர் அளவாக வைத்துக்கொண்டு மற்ற நிகழ்வுகளுக்குப் புள்ளி போடச் சொல்லிச் செய்தது. அடமானக் கடன் இருக்கிறது, மேலதிகாரியோடு தகராறு இருக்கிறது, சுற்றுலாகூட இருக்கிறது. அவர்கள் வாழ்க்கையை அவர்கள் பட்டியல் போட்டார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பட்டியலை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து சேரிப் பிள்ளைகள் தங்கும் விடுதியில் விநியோகித்தபோதுதான் குற்றம் தொடங்குகிறது. பட்டியலில் இல்லாதது நடக்கவே இல்லை என்று ஆகிவிடுகிறது. நான் 77 மதிப்பெண் வாங்கிய ஆரோக்கியசாலி ஆகிவிடுகிறேன்.

'மன அழுத்தம்' என்ற சொல்லையே கொஞ்சம் பாருங்கள். எங்கள் ஊரில் இந்தச் சொல் கிடையாது. மனசு சரியில்ல, மனசுல பாரமா இருக்கு, அசிங்கமாப் போச்சு, கேவலப்படுத்திட்டாங்க என்பார்கள். 'கேவலப்படுத்திட்டாங்க' என்றதும் 'யாரு?' என்ற கேள்வி தானாக எழும். அந்த வினைக்கு ஓர் எழுவாய் வேண்டும். அழுத்தம் அப்படியல்ல. காற்றழுத்தத் தாழ்வுநிலை மாதிரி அது வந்து கவிகிறது. அழுத்தியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. அழுத்தம் உனக்குள் இருக்கிறது, ஆகவே சரிசெய்ய வேண்டியவளும் நீதான். ஆதிக்கத்துக்கு இதைவிட வசதியான சொல் கிடைக்காது.

இதற்கு ஒரு கோட்பாடும் உண்டு. ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் இருவரும் 1984இல் எழுதிய நூல்தான் இன்றுவரை இந்தத் துறையின் அஸ்திவாரம். அவர்கள் மோசமாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. அழுத்தம் என்பது ஆளுக்குள்ளும் இல்லை, சூழலுக்குள்ளும் இல்லை, இரண்டுக்கும் இடையிலான உறவில் இருக்கிறது என்றார்கள். நெருக்கடி வரும்போது மனுசர் இரண்டு விதமாகச் சமாளிக்கிறார் என்றார்கள். ஒன்று, பிரச்சினையை மாற்றப் பார்ப்பது. மற்றது, பிரச்சினையால் வந்த உணர்ச்சியை ஆற்றிக்கொள்வது. பிரச்சினையை மாற்ற முடிகிற இடத்தில் முதல் வழி, முடியாத இடத்தில் இரண்டாவது.

கல்லூரிகளுக்கு வந்து சேரும்போது இதில் பாதி காணாமல் போகிறது. இன்று நான் வேலை பார்க்கும் கல்லூரியிலும் ஆண்டுக்கொரு முறை 'ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்' பயிலரங்கம் நடக்கிறது. மூச்சை இழு, விடு, நேரத்தைத் திட்டமிடு, நல்லதை நினை. எல்லாம் இரண்டாவது வழி. முதல் வழி எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. எழுந்து நிற்கச் சொன்ன ஆசிரியரிடம், "ஐயா, இதை அலுவலகத்தில் கொடுத்தால் போதாதா?" என்று அன்றைக்கு நான் கேட்டிருக்கலாம். வாய்மொழித் தேர்வில் மதிப்பெண் போடுகிறவரும் அவர்தானே! டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியைப் பற்றி சுகதேவ் தோரட் தலைமையிலான மூவர் குழு 2007இல் கொடுத்த அறிக்கையைப் படித்தபோது என் பயம் என்னுடையது மட்டுமல்ல என்று புரிந்தது. ஆசிரியர் தரும் ஆதரவில், செய்முறை - வாய்மொழித் தேர்வுகளின் மதிப்பீட்டில், விடுதி வாழ்க்கையில், விளையாட்டில்கூடத் தாங்கள் ஒதுக்கப்படுவதாகத் தலித் - பழங்குடி மாணவர்கள் அந்தக் குழுவிடம் சொன்னார்கள். நாட்டிலேயே பெரிய மருத்துவக் கல்லூரி. மனநோய்க்கு வைத்தியம் சொல்லிக்கொடுக்கிற இடம்.

இனி, நாடுகளுக்கிடையே மாணவர்களை ஒப்பிடும் ஆய்வுகளுக்கு வருவோம். அமெரிக்க மாணவர் இத்தனை பேர், ஜப்பானிய மாணவர் இத்தனை பேர், இந்திய மாணவர் இத்தனை பேர், யாருக்கு அழுத்தம் அதிகம், யார் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று சராசரி எடுப்பார்கள். மேற்கத்தியர் தனிமனிதப் பண்பாட்டினர், இந்தியர் குடும்பத்தைச் சார்ந்து வாழும் கூட்டுப் பண்பாட்டினர் என்று முடிப்பார்கள். இங்கே பண்பாடு என்றால் நாடு என்று பொருள். அக்ரகாரத்திலிருந்து மூன்று தலைமுறைப் படிப்போடு வந்த பையனும், வீட்டில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட பெண்ணும் ஒரே 'இந்திய மாதிரி'. ஒருவருக்கு நிழல் தருகிற பண்பாடுதான் இன்னொருவருக்குச் சுமை என்பது சராசரிக்குள் கரைந்துபோகிறது. எந்தக் கூட்டுக்கு நான் சொந்தம் என்று எந்தத் தாளும் என்னைக் கேட்டதில்லை. ஊருக்கா, சேரிக்கா?

நாட்டை விட்டுவிட்டு ஒடுக்குமுறையை வைத்து ஒப்பிட்டால் வேறு படம் கிடைக்கிறது. கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் இருவரும் 1995இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக் கறுப்பு மாணவர்களிடம் "இது உங்கள் அறிவுத்திறனை அளக்கிறது" என்று சொல்லித் தேர்வு வைத்தபோது அவர்கள் பின்தங்கினார்கள். அப்படிச் சொல்லாமல் அதே கேள்விகளைக் கொடுத்தபோது வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி குறைந்தது. சில ஆண்டுகள் கழித்து கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குப் புதிர்ப்பாதைகளைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சாதியைச் சொல்லாதபோது மேல்சாதிப் பையனும் தலித் பையனும் ஒரே மாதிரி போட்டார்கள். எல்லார் முன்னாலும் பெயர், அப்பா பெயர், சாதி என்று வாசித்துவிட்டுப் புதிரைக் கொடுத்தபோது தலித் பையன்களின் எண்ணிக்கை ஏறத்தாழ அய்ந்தில் ஒரு பங்கு குறைந்தது.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. "எஸ்.சி. எல்லாம் எந்திரிங்க." கருத்தரங்கில் என் வாய் ஏன் அடைத்துப்போனது என்று பல ஆண்டுகள் கழித்து ஒருவர் விளக்கிச் சொன்ன மாதிரி இருந்தது. ஸ்டீலின் சோதனையைப் பிற்பாடு பலர் திரும்பச் செய்து பார்த்து, விளைவு அவ்வளவு பலமாக இல்லை என்று வாதிட்டிருக்கிறார்கள். அந்த விவாதம் நடக்கட்டும். ஒரு சோதனையை வேதமாக்க வேண்டிய தேவை நமக்கில்லை. ஆனால் ஆய்வாளர் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். 'நீ எப்படி உணர்கிறாய்?' என்று அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. 'உன்னைச் சுற்றி யார் என்ன சொன்னார்கள்?' என்று கேட்டார்கள். என் அம்மாவின் கேள்வி.

இந்த ஒப்பீட்டைத் தன் உடம்பிலேயே செய்து பார்த்த மாணவர் ஒருவர் நமக்கு உண்டு. அம்பேத்கர் 1913இல் கொலம்பியாவுக்குப் போனார், பிறகு லண்டன். அமெரிக்காவிலும் அய்ரோப்பாவிலும் கழித்த ஆண்டுகள் தான் தீண்டப்படாதவர் என்ற உணர்வையே துடைத்துவிட்டதாக அவர் எழுதியிருக்கிறார். 1917இல் வேலைக்காகப் பரோடா வந்து இறங்கியதும் எங்கே தங்குவது என்ற கேள்வி வந்தது. பார்சி விடுதியில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கினார். தடியோடு வந்தவர்கள் விரட்டினார்கள். ரயிலுக்கு நேரமாகும்வரை பூங்காவில் உட்கார்ந்திருந்தார். அதே ஆள், அதே மூளை, அதே படிப்பு. அவருக்குள் எதுவும் மாறவில்லை. மாறியது ஊர். அவருடைய 'அழுத்தம்' எங்கே இருந்தது என்று எந்த உளவியலாளரும் இப்போது சொல்லட்டும்.

கடல் தாண்டினால் இன்றைக்கு விடுதலை என்றும் சொல்ல முடியாது. சாதி விமானம் ஏறிவிட்டது. பாஸ்டன் அருகே பிராண்டெய்ஸ் பல்கலைக்கழகம் 2019இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்ய வேண்டியிருந்தது. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்கள் 2022இல் செய்தன. 2023 பிப்ரவரியில் ஒரு நகரம் சாதிப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் போட்டது. அமெரிக்க நகரங்களிலேயே முதலாவதாக. அது சியாட்டில். எனக்கு 77 புள்ளி கொடுத்த தாள் பிறந்த ஊர். விட்டுப்போன வரியைச் சேர்க்க அந்த ஊருக்கு 56 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இங்கே இன்னும் பலருக்கு அந்த வரி கண்ணில் படவில்லை.

'கஷ்டப்பட்டுப் படி, எல்லாம் சரியாயிடும்' என்பது நம் வீடுகளின் மந்திரம். என் அப்பாவும் அதைத்தான் சொன்னார். இதற்கும் ஒரு விலை உண்டு. ஷெர்மன் ஜேம்ஸ் என்ற கறுப்பின ஆய்வாளர் வட கரோலினாவில் ஒரு விவசாயியைச் சந்தித்தார். பெயர் ஜான் ஹென்றி மார்ட்டின். பள்ளிப்படிப்பு பெரிதாக இல்லாதவர். தானே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு, குத்தகை அடிமைத்தனத்திலிருந்து தப்பி, 75 ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனவர். ஆனால் ரத்தக்கொதிப்பு, மூட்டுவலி, வயிற்றுப்புண் எல்லாம் அவரை முன்கூட்டியே தின்றிருந்தன. நீராவி எந்திரத்தோடு சம்மட்டியால் போட்டியிட்டு, ஜெயித்து, அங்கேயே செத்து விழுந்த ஜான் ஹென்றி என்ற தொழிலாளியின் கதை கறுப்பின மக்களிடம் உண்டு. அந்தப் பெயரையே வைத்து ஜேம்ஸ் 1983இல் ஒரு கருத்தை முன்வைத்தார். வசதியற்ற நிலையில், ஒடுக்குமுறைக்கு எதிராக விடாமல் மூர்க்கமாக முயன்றுகொண்டே இருப்பது உடம்பைத் தின்கிறது. சமாளிப்பதே நோயாகிறது.

நம் விடுதிகளில் எத்தனை ஜான் ஹென்றிகள்! மெஸ் பாக்கி வைத்தவர் பட்டியலில் தன் பெயர் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் போர்டைத் தாண்டித் தினமும் நூலகத்துக்குப் போய், நூலகம் மூடும்வரை படித்து, உதவித்தொகை கல்வியாண்டு முடிந்து வந்து சேரும்வரை ஒரு வேளைச் சாப்பாட்டில் ஓட்டி, தங்கப்பதக்கமும் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். மேடையில் ஏற்றிப் பாராட்டினோம். அவர்கள் வயிற்றுப்புண்ணைப் பற்றி நாம் கேட்டதில்லை.

சமாளிக்க முடியாமல் போனவர்கள் விசயத்தில் நிர்வாகங்களின் சொல்லாடல் தயாராக இருக்கிறது. சேலம் மாவட்டத்திலிருந்து போய் அய்தராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வில் சேர்ந்த செந்தில்குமாருக்கு வழிகாட்டிப் பேராசிரியர் அமையவில்லை, உதவித்தொகையும் நின்றது. 2008இல் இறந்தார். அதே பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17இல் ரோஹித் வெமுலா. மாதக்கணக்கில் உதவித்தொகை வரவில்லை, நான்கு தோழர்களோடு சேர்த்து விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார். மும்பை அய்.அய்.டி.யில் 2023 பிப்ரவரியில் முதலாமாண்டு மாணவர் தர்ஷன் சோலங்கி. நிறுவனமே அமைத்த குழு, சாதிப் பாகுபாட்டுக்குச் சான்று இல்லை, படிப்பில் பின்தங்கியது காரணமாக இருக்கலாம் என்றது. படிப்பில் ஏன் பின்தங்கினார் என்ற அடுத்த கேள்விக்கு அந்தக் குழு போகவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயல்பவர் கடும் அழுத்தத்தில் இருப்பதாகவே கருதி அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. நல்ல சட்டம், வரவேற்கிறேன். அழுத்தத்துக்கு ஆளானவரைத் தண்டிக்காமல் விட்டோம். அழுத்தியவரையும் அல்லவா தண்டிக்காமல் விடுகிறோம்! டெல்லி அய்.அய்.டி.யில் 2023இல் இறந்த இரண்டு தலித் மாணவர்களின் பெற்றோர் தொடுத்த வழக்கில்தான், மாணவர் தற்கொலைகளை ஆராய நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் ஒரு பணிக்குழுவை உச்சநீதிமன்றம் 2025 மார்ச்சில் அமைத்தது. அதற்கும் பெற்றோர்தான் படியேற வேண்டியிருந்தது. 'யாரு?' என்று கேட்டவர்கள் அவர்கள்.

இதோடு கட்டுரையை முடித்துவிட்டால் தோழர்களுக்குத் திருப்தியாக இருக்கும். முடிக்க எனக்கு மனசில்லை. நம் பக்கம் இருக்கிற பொய்யையும் சொல்ல வேண்டும்.

1997இல் நான் ஆய்வு மாணவி. அப்போது யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. வழிகாட்டி நல்லவர், உதவித்தொகையும் வந்தது. ஒருநாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. தலை வார, பல் துலக்க, எதற்கும் கை வரவில்லை. அழுகைகூட வரவில்லை. மூன்று வாரம் கழித்துத் தோழி ஒருத்தி ஊருக்குக் கூட்டிப்போய் விட்டாள். அம்மா வழக்கம்போலக் கேட்டாள்: "யாரும்மா உன்ன என்னா சொன்னாங்க?" "யாரும் ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன். அவளிடம் அடுத்த கேள்வி இல்லை. மந்திரிக்கப் போனோம். அத்தை, "படிச்ச புள்ளைக்கு என்னாடி கொறச்சல், திமிரு" என்றாள்.

இயக்கத் தோழர் ஒருவர் பார்க்க வந்தார். "இதெல்லாம் மேட்டுக்குடி வியாதி தோழர். மக்கள்கிட்ட வாங்க, போராட்டம்தான் மருந்து" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அன்றைக்கு எனக்கு வாசற்படி தாண்ட முடியவில்லை, போராட்டத்துக்கு எப்படிப் போவது? அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார். ஒரு மாதம் போல ஆனதும் தலை வாரிக்கொண்டேன். அந்த மாத்திரை இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையும் இல்லை. மாத்திரை சாதியை ஒழிக்காது. சாதியை ஒழிக்க ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே, அதற்கு மாத்திரை வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன்? 'எல்லாம் உன் மனசுக்குள்ள' என்று சொல்கிற நிர்வாகமும், 'மனசுன்னு ஒண்ணு தனியா இல்ல, எல்லாம் சாதிதான்' என்று சொல்கிற நாமும், நடுவில் படுத்துக்கிடக்கிற பிள்ளையைப் பார்ப்பதில்லை. செத்தபிறகு அவரைத் தியாகி ஆக்குகிறோம். சுவரொட்டி, வீரவணக்கம், அவர் படத்தின் கீழே நம் பெயர்கள். இதைப் பார்த்துக்கொண்டிருக்கிற பதினெட்டு வயசுப் பிள்ளைக்கு என்ன பாடம் போய்ச் சேருகிறது? செத்தால்தான் நம் பேச்சு எடுபடும் என்பதா? இரண்டு மாதமாகத் தூங்காத பிள்ளைக்கு இயக்கத்தில் ஒரு நாற்காலி உண்டா? இந்தக் கேள்வியை என்னிடமும் கேட்டுக்கொள்கிறேன். என் மாத்திரைகளைப் பற்றி நானே இத்தனை ஆண்டுகள் எழுதவில்லை.

விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட அந்த அய்வரும் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பந்தல் போட்டு, தலைவர்கள் படங்களை வைத்து, 'வெலிவாடா' என்று பெயர் சூட்டினார்கள். தெலுங்கில் அது சேரியின் பெயர். அவமானப்படுத்தியவனுக்குப் பதில் சொல்லும் இடமும் அதுதான், ராத்திரி பக்கத்தில் ஆள் படுத்திருக்கும் இடமும் அதுதான். கோட்பாடு இரண்டாகப் பிரித்த வழிகள் அங்கே ஒன்றாக இருந்தன. அதுவும் ரோஹித்துக்குப் போதவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. பந்தலோடு சேர்த்து வைத்தியமும் வேண்டும், நேரத்துக்கு உதவித்தொகையும் வேண்டும். இவற்றில் ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்கிற யாரையும் நம்பாதீர்கள்.

என் வகுப்பில் இப்போது உதவித்தொகைப் படிவம் வந்தால் யாரையும் எழுந்திருக்கச் சொல்வதில்லை. அலுவலகத்தில் வைத்துவிட்டு, பலகையில் எல்லோருக்குமாக ஒரு வரி எழுதுகிறேன். சிறிய காரியம்தான். உத்தரப்பிரதேசத்துப் பையன்களின் அய்ந்தில் ஒரு பங்கு அதில் இருக்கிறது. தூக்கம் வரவில்லை என்று வருகிற பிள்ளையிடம் முதலில் "யாரு என்னா சொன்னாங்க?" என்று கேட்கிறேன். "யாரும் ஒண்ணும் சொல்லல மேடம்" என்றால் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். யாராவது சொல்லியிருந்தால் இரண்டையும் செய்ய வேண்டியிருக்கிறது. ராத்திரி கூப்பிட ஆளில்லாவிட்டால் 14416 என்ற இலவச எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மத்திய அரசு 2022இல் தொடங்கிய மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். அரசாங்கத்தின் எண் என்பதற்காக ஒதுக்க வேண்டாம், நம் வரிப்பணம்தான்.

அந்த 43 வரித் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். 44ஆவது வரியை நான் எழுதிவிட்டேன்: 'வகுப்பில் எழுந்து நிற்க வைக்கப்பட்டது'. புள்ளி எவ்வளவு என்று எழுதவில்லை. 45ஆவது வரி உங்களுடையது. எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். யார் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். யாரும் சொல்லாமலே வந்திருந்தால் அதையும் வெட்கப்படாமல் எழுதுங்கள்.